பத்து மணித் தண்ணீர்

ருமேனியாவில் எங்கள் கரையில் மணி பத்து என்றால், எதிரே செர்பியாவில் ஒன்பது. நடுவில் டான்யூப் ஆறு. இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டு நாட்டு விஞ்ஞானத் துறைகளும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் "வருடத்துக்கு ஒருநாள் காலை பத்து மணிக்கு இரு கரையிலும் தண்ணீர் எடுக்க வேண்டும்" என்று மட்டும்தான் இருந்தது. எந்த நாட்டுப் பத்து என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீன்கள் செத்து மிதந்தன. அழுக்கு எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று தெரியும்வரை இரு பக்கமும் மீன்பிடிக்கத் தடை. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் ஒரு மணி நேரத்தில் ஆறே மாறிவிடும். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் பரிசோதனைக்கு உதவும்.

எங்கள் கரையில் தண்ணீர் எடுப்பது என் வேலை. முதல் வருடம் அவரவர் கடிகாரப்படி எடுத்தோம். வீண். உடனே மூன்று நாள் பேச்சுவார்த்தை, ஆட்டுக்கறி, ப்ளம் சாராயம், "பரஸ்பர மரியாதை" என்று ஒரு தீர்மானம். அந்த மரியாதை தலைக்கேறி, இரண்டாம் வருடம் நான் செர்பியாவின் பத்துக்கு எடுத்தேன். எதிர்க்கரையில் என் வேலையைச் செய்யும் ல்யுபிஷா எங்கள் பத்துக்கு எடுத்திருந்தான். மறுபடி அதே ஒரு மணி நேரம்.

"உன்னை யாரு எங்க மணிக்கு எடுக்கச் சொன்னா?" என்று போனில் கத்தினேன்.

"நீ மட்டும் எங்க மணிக்கு எடுக்கலாமாக்கும்? மரியாதைன்னு மேசையைத் தட்டினது உங்க தலைவர்தானே? இங்க என் அண்ணன் ரெண்டு வருஷமா படகைக் கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கான், ஸ்மரண்டா. அண்ணி என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் வருடம் நானே போன் செய்தேன்.

"போனைக் காதுலயே வச்சுக்கோ. கடிகாரத்தைக் கழட்டிப் பையில போடு. நான் எடுன்னா எடு."

"அப்ப மரியாதை?"

"வாயை மூடிட்டு பாட்டிலை இறக்கு."

இறக்கினோம். முடிவும் வந்தது. இரு கரைச் சாக்கடையிலும் அதே அழுக்கு, கிட்டத்தட்ட சரிபாதி. இரண்டு பக்கமும் சாக்கடையை அடைத்தால் அடுத்த மாதமே தடையை நீக்கலாம்.

எங்கள் தலைவர் ஹரலாம்பியேவும் அவர்கள் தலைவர் ட்ராகுதினும் தாளைப் படித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"போன்ல பேசிக்கிட்டே எடுத்தீங்களா? ஒப்பந்தத்துல போனுன்னு எங்கயாவது இருக்கா?" என்றார் ஹரலாம்பியே.

"நேரம்கிற கட்டமே காலியா இருக்கே. இது செல்லாது," என்றார் ட்ராகுதின்.

மூன்று வருடத்தில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். கைகுலுக்கிப் படம் வேறு எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே ல்யுபிஷா போனைக் கையால் பொத்தியபடி நின்றான். "அண்ணன்தான். படகுக்குத் தார் பூசி முடிச்சுட்டானாம். எப்ப எறக்கலாம்னு கேக்குறான்."

உள்ளே அடுத்த பேச்சுவார்த்தைக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணி.