ரப்பர் வளையம்

என் அப்பா ஞானதாஸுக்கு எல்லோருமே சாமிதான். அவருடைய போர்வெல் ரிக் வண்டி டிரைவர் சாமி, கீரை விற்க வரும் அம்மா சாமி, எங்கள் வீட்டு நாய்கூடச் சாமி. என் அக்கா புருஷன் ஆரோன் மச்சான் மட்டும் 'மாப்பிள்ளைங்க'. வாங்க, போங்க, சாப்பிடுங்க. கேட்பவர்களுக்கு மரியாதையாகத் தெரியும். ஆத்தூரில் இருந்த வேலை போய், நாமக்கல்லில் எங்கள் வீட்டோடு தங்கிவிட்ட மனிதனை ஒவ்வொரு 'ங்க'விலும் வாசலுக்கு வெளியே நிறுத்தும் மரியாதை அது. நாய்க்குக் கிடைத்த அந்த ஒரு வார்த்தைக்காக மச்சான் ஏங்கினார். எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. மெயின் ரோட்டில் சும்மா கிடக்கும் எங்கள் ஷெட்டில் ஒர்க்ஷாப் வைத்து, அக்காவோடு தனிக்குடித்தனம் போக வேண்டும். அப்பா நிபந்தனை போட்டார். அந்த ஷெட்டில் தூசு படிந்து நிற்கும் பழைய ஷெவர்லே காரை ஓட வைத்து, கோயில் திருவிழாவுக்கு எங்களைச் சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஷெட்டுச் சாவி மச்சானுக்கு.

மச்சான் இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கோர்த்தார். கடைசியாக நின்றது பேலன்சர். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் மாட்டும் கனத்த வட்டு அது. உள்ளே இரும்பு, வெளியே இரும்பு, நடுவில் ரப்பர் வளையம். இன்ஜினின் உதறலை அந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்ளும். பழையதில் ரப்பர் இற்றுப்போய் வெளி இரும்பு நழுவியிருந்தது. சேலத்தில் ஜான் பாஷாவின் பழைய சாமான் கடையில் பார்வைக்கு ஒன்றுபோல இரண்டு கிடந்தன. ஒன்று வேறு வருஷத்து இன்ஜினுடையது, எடை கூடுதல். மச்சான் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார். விளிம்பில் வெட்டியிருந்த டைமிங் கோட்டைப் பழைய வட்டோடு ஒப்பிட்டார். ரப்பரை நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்துச் சரியானதை எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். அவரை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அதை மாட்டப் போகும்போது அப்பா ரிக் ஆட்களோடு ஷெட்டுக்குள் வந்தார். வட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நடுவால ரப்பருங்களா?"

"ஆமா மாமா. இது இல்லாட்டி கிராங்க் உடைஞ்சிடும்."

"ரப்பரு என்னைக்குங்க நிமிர்ந்து நின்னிருக்குது? அதானுங்க இத்தனை வருசமாகியும் ஊட்டுல தொட்டிலு ஆடுல."

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். டீ கொண்டுவந்த அக்கா ஜெபமலர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நம்ம லேத்துல முழு இரும்புல ஒண்ணு கடைஞ்சு தாரனுங்க. உங்க இஷ்டமுங்க, நான் ஒண்ணும் சொல்லுல" என்றார் அப்பா.

லாரியும் ரிக்கும் ஓடும் ஊரில் இரும்புக்குத்தான் மதிப்பு. மறுநாளிலிருந்து ரிக் ஆட்களுக்கு மச்சான் 'ரப்பரண்ணன்' ஆகிவிட்டார். "சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போறாங்க, நீங்க வாங்குனதையே போடுங்க" என்று அக்கா கெஞ்சினாள். மச்சான் ஜான் பாஷாவிடம் வாங்கியதைச் சாக்கில் சுற்றி மூலையில் போட்டுவிட்டு, லேத்தில் கடைந்த இரும்பு வட்டை மாட்டினார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

திருவிழா அன்று கார் ஜம்மென்று கிளம்பியது. ரிக் ஆட்கள் கைதட்டினார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் காலடித் தகடு அதிர ஆரம்பித்தது. மச்சான் வேகத்தைக் குறைத்தார்.

"மிதிங்க மாப்பிள்ளை, லாரிக்காரன் பார்த்துச் சிரிக்கறானுங்க" என்றார் பக்கத்தில் இருந்த அப்பா.

மச்சான் மிதித்தார். மல்லூர் வருவதற்குள் முன்னால் படாரென்று ஒரு சத்தம். கார் ஓரமாக உருண்டு நின்றது. பானெட்டைத் திறந்தால், இரும்பு வட்டு அப்படியே முழுசாக இருந்தது. கிராங்க்தான் முனையில் முறிந்து, வட்டு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அப்பாவிடம் திரும்பினாள். "நம்ம ரிக்குக் கம்ப்ரசர்ல இதே மாதிரி ரப்பர் புல்லியைக் கழட்டிக் கிராங்க்கை உடைச்சான்னுதானே மாரியை வேலையை விட்டுத் தொரத்துனீங்க? உங்களுக்குத் தெரியுந்தானுங்கப்பா?"

"தெரியும் சாமி" என்றார் அப்பா நிதானமாக. "உம் புருஷனுக்குந்தான் தெரியும். நாலு பேரு சிரிச்சதுக்குத் தெரிஞ்சதையே மாத்திப் போட்டவன்கிட்ட ஷெட்டுச் சாவியைக் குடுக்கச் சொல்றியா?"

அப்பா சொன்னதில் நியாயமும் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்பா போய் மச்சானின் தோளில் கை வைத்தார். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது.

"உடு சாமி. நாளையிலிருந்து ரிக்குல ஏறிக்க."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தைக்கு அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சரிங்க மாமா" என்றார்.

"மாமான்னு கூப்பிட்டா மத்த பசங்க தப்பா நினைப்பாங்க. ஓனருன்னு கூப்பிடு சாமி."

"சரிங்க ஓனர்."