துரைக்கு ஒரு கட்டில்

அன்று முதலில் வந்தது யாருடைய கிளை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. தன்னுடையதுதான் என்கிறாள் என் மனைவி. நான் சொல்லும் வரிசையை அப்படியே நம்ப வேண்டாம். அவள் முகம் மட்டும் சரியாக நினைவிருக்கிறது.

மாமனார் படுக்கையில் சாய்ந்தபடி, இளைய மகள் சின்னவள் கொண்டுவந்த கொய்யாக் கிளையைத் தன் முன்கையின் உட்பக்கத்தில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வழக்கம். சிராய் இருந்தால் அந்த மெல்லிய தோல் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடிக் கூண்டில் அவர் வளர்த்த இகுவானா என்ற பெரிய பச்சைப் பல்லிக்குத் துரை என்று பெயர். துரையின் பழைய கிளை உளுத்து ஒடிந்துபோயிருந்தது. எழுந்து நடக்க முடியாததால், முதல்முறையாக மகள்களிடம் கேட்டிருந்தார்: "துரைக்கு ஒரு கட்டில் பாத்துக் கொண்டாங்கம்மா."

சின்னவள் மருந்தடிக்காத மரமாகத் தேடி, பட்டை உரித்து, சோப்பு போடாமல் பிரஷால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, நாலு நாள் வெயிலில் காயவைத்திருந்தாள். தடிமன் துரையின் உடம்பளவு.

பெரியவள், அதாவது என் மனைவி, மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கி ஒரு பைன் கட்டையைப் பிடித்திருந்தாள். பொன்னிறம், அழகான வளைவு. இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனி சிவந்திருந்தது.

மாமனார் அதையும் கையில் இழுத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"வழவழன்னு இருக்கும்மா. ஆனா பைனு. கூண்டு விளக்குச் சூடு பட்டா பிசின் கக்கும். துரைக்கு ஆகாது."

"காஞ்ச கட்டைதாம்ப்பா."

"உள்ள இருக்கும்."

கொய்யாக் கிளை கூண்டுக்குள் போனது. துரை ஏறிப் படுத்துக்கொண்டது.

"பாரேன், ஐயா உடனே தூங்கிட்டாரு!" என்று சின்னவள் சிரித்தாள்.

என் மனைவி சமையலறைக்கு வந்து, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"சின்ன வயசுலயும் இப்படித்தான். நான் நூறு மார்க் வாங்குனாலும், அவ வரைஞ்ச கோழியைத்தான் சுவத்துல ஒட்டுவாரு."

"நாப்பத்தாறு வயசாச்சு உனக்கு."

"கோழிக்கு வயசாகலையே."

அவள் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பினாள். நாலு மணிக்குச் சின்னவள் போன் செய்தாள். மாமனாருக்கு மூச்சு நின்று கால்மணி நேரம் ஆகியிருந்தது.

உடம்பைத் துடைக்கும்போது அக்காளும் தங்கையும்தான் அறையில் இருந்தார்கள். நான் வாளியோடு கதவருகே நின்றேன். பெரியவளின் ஈரத்துணி அவருடைய முன்கையில் ஒட்டிக்கொண்டது. உட்பக்கத்தில் ஒரு கோடு, மஞ்சளாக, பிசுபிசுவென்று.

"என்னடி இது?"

 சின்னவள் துணியைப் பிழிந்து, உதறி, மறுபடி பிழிந்தாள்.

"நீ போனதும் உன் கட்டையைக் கேட்டாரு. ஜன்னல் வெயில்ல காட்டறதும், கசியறதைச் சுரண்டறதும், கையில இழுத்துப் பாக்கறதுமா இருந்தாரு. மொத்தமும் வந்துட்டா கூண்டுல வெச்சிடலாம்னாரு. அதெல்லாம் தீராதுப்பான்னேன். கேக்கல. கடைசி வரைக்கும் மடியிலதான் வெச்சிருந்தாரு."

பெரியவள் அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

"என்னோடத ஒரு நிமிஷம்கூடப் பாக்கலக்கா."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பதினெட்டு வருடமாக என் வீட்டில் கேட்டது.

சின்னவள் எழுந்தாள். "தண்ணிக்குப் போகாது. எண்ணெய் கொண்டாரேன்."

"வேணாம்" என்றாள் பெரியவள். அப்பாவுக்குப் புதுச் சட்டையை மாட்டி, அதன் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பட்டனைப் போட்டாள்.

துரை சின்னவள் வீட்டுக்குப் போய், அந்தக் கொய்யாக் கிளையில் ஐந்து வருடம் இருந்தது. மாமனார் வீட்டை விற்றாயிற்று. அக்காளும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்கிறார்கள். பைன் கட்டை எங்கள் ஜன்னலோரம் இருக்கிறது. கோடையில் கசியும். யாரும் துடைப்பதில்லை.