போஷகர் வீட்டு அலுமாரியில் ஜப்பான் பேஸ்

கல்முனையில் ஒருவர் ஒரு குழுவின் புரவலர், அதாவது போஷகர், ஆவதற்கு அந்தக் காலத்தில் பெரிய தகுதி ஒன்றும் தேவைப்படவில்லை. மேடையில் போட ஒரு நாற்காலி, அதில் உட்கார ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. அபுல் ஹஸன் முதலாளியிடம் இவை எல்லாம் இருந்தன. மேலதிகமாக ஒரு இரும்புக்கடையும் இருந்தது. ஆகவே நிலாமுற்றம் இசைக்குழு தொடங்கிய அன்றே அவர் அதன் போஷகரானார். 'போஷகர்' என்று பொறித்த ரப்பர் முத்திரை ஒன்றையும் கொழும்பில் செய்வித்து எடுத்தார். குழுவுக்கு டிரம்ஸ் வருவதற்கு முன்பே முத்திரை வந்துவிட்டது.

குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் மர்சூக். பகலில் கூட்டுறவுக் கடையில் பில் எழுதுவான். பின்னேரத்தில் நாலு கம்பியோடு மல்லுக்கட்டுவான். அவனுடைய கிட்டாரைச் செய்தவர் மொறட்டுவையில் ஒரு தச்சன். அதுவரை கட்டில் செய்து பழகியவர் என்பதால் கிட்டாரிலும் கட்டிலின் பாரம் இருந்தது. வடிவம் வெளிநாட்டுக் கிட்டாரைப் பார்த்து வெட்டியது. கறுப்பு எனாமல் பூச்சு அபுல் ஹஸனின் கடையில் வாங்கியது. அதெல்லாம் பரவாயில்லை. தொல்லை நாலாவது கம்பியில். அந்தத் தடித்த கம்பியை முறுக்கிப் பிடிக்கும் கீ தேய்ந்துபோய், பல்லுப் பிடிக்காமல் வழுக்கும். பாட்டுத் தொடங்கும்போது சுருதியில் இருக்கும் கம்பி, சரணத்துக்கு வருவதற்குள் தொய்ந்துவிடும். மர்சூக் பழைய ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டி அடியில் வைத்துப் பார்த்தான். தகரம் வைத்துப் பார்த்தான். கடைசியில் மேடையில் கீயை இறுக்க ஒரு குறட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசித்தான்.

இந்தச் சங்கதி குவைத்தில் இருந்த ஷரிபுதீனுக்கு எட்டியது. ஷரிபுதீன் மர்சூக்கின் பள்ளிக்கூடத் தோழன். அபுல் ஹஸனின் மனைவி ஆசியா உம்மாவின் தம்பி. அவன் ஊர் வந்த ஒருவரிடம் கறுப்பு நிற ஜப்பான் பேஸ் கிட்டார் ஒன்றைக் கொடுத்து, "மர்சூக்குட கையில குடுங்க" என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினான். ஆனால் வந்தவரை அழைத்துவரக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் காரில் போனவர் அபுல் ஹஸன். எனவே அது அபுல் ஹஸனின் கைக்கு வந்தது. அங்கிருந்து அவருடைய வீட்டு மண்டபத்துக் கண்ணாடி அலுமாரிக்குப் போனது.

அந்த அலுமாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் யாரும் தேநீர் குடித்தறியாத கோப்பைகள் இருந்தன. யாரும் நேரம் பார்க்காத மணிக்கூடு ஒன்று இருந்தது. பெட்டியை விட்டு வெளியே வராத ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. வெளிநாட்டுச் சாமானுக்கு மதிப்பு அதன் மேலிருக்கும் பொலித்தீனில்தான் இருக்கிறது என்பது அப்போது நம்மூர்களில் எழுதப்படாத சட்டம். பொலித்தீனைக் கழற்றிவிட்டால் அது வெறும் சாமான். கழற்றாதவரை அது குவைத்.

போஷகர் அதோடும் நிற்கவில்லை. கடற்கரையில் இரும்பு விற்பவருக்கு உப்புக்காற்றைத் தவிர வேறு எதிரி கிடையாது. ஆணி, பிணைச்சல், பூட்டு எது வந்தாலும் முதல் வேலை கிறீஸ் பூசுவது. கிட்டாரிலும் இரும்பு இருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முறுக்கும் கீகளுக்குப் பூசினார். கம்பிகள் வந்து உட்காரும் பாலத்துக்குப் பூசினார். நாலு கம்பிகளுக்கும் மேலிருந்து கீழாக மஞ்சள் கிறீஸ் பூசினார். பிறகு பொலித்தீனை மறுபடி சுற்றி அலுமாரியில் நிமிர்த்தி வைத்தார். பாலத்தை மூடி ஒரு குரோம் மூடி இருந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். வருகிற எல்லோருக்கும் அவர் அதைத்தான் காட்டினார்.

"இந்த மூடிய பாருங்க. இது ஒண்டுக்கே சத்தம் வரும்."

உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த மூடியை முதல் நாளே கழற்றி வீசிவிடுவார்கள், கைக்கு இடைஞ்சல். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அலுமாரிக்குக் கிட்டப் போக அனுமதி இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. பெருநாளின் மூன்றாம் நாள் மருதமுனையில் ஒரே மேடையில் இரண்டு குழுக்கள்: நிலாமுற்றமும், அட்டாளைச்சேனைக் குழு ஒன்றும். அட்டாளைச்சேனைக்காரர்கள் கொழும்பில் புதுப் பேஸ் வாங்கியிருந்தார்கள். மர்சூக் கடையிலேயே போய்ப் போஷகரைப் பிடித்தான். டிரம்ஸ் வாசிக்கும் தம்பிலுவில் செல்லத்தம்பியும் கூடப் போனான்.

"முதலாளி, அந்தப் பேஸ அண்டைக்கு மட்டும் தாங்க."

"எந்தப் பேஸ?"

"ஷரிபுதீன் அனுப்பின பேஸ."

அபுல் ஹஸன் அரைக் கிலோ ஆணியை நிறுத்துவிட்டு நிமிர்ந்தார். "அது கம்பனி செட்டிங்கோட இரிக்கிடா. ஒரு ஆணிய நீ தொட்டா கம்பனி செட்டிங் போயிரும். அப்புறம் ஜப்பான்லயிருந்து ஆளு வரணும்."

"வாசிக்கத்தானே அனுப்பின, முதலாளி?" என்றான் செல்லத்தம்பி.

"வாசிக்கிறதுக்குப் பழசு இரிக்கி. இது குழுவுட மரியாதைக்கி."

"பழசு நடுப்பாட்டுல சுருதி எறங்கிருமே" என்றான் மர்சூக்.

"சாமான் எறங்காது. கைதான் எறங்கும். இஞ்ச பாரு, அட்டாளைச்சேனையானுக்கு முன்னால என்ட தலைய குனிய வெச்சியெண்டா, அடுத்த மேடைக்கு வேற ஆளத்தான் எடுப்பன். போஷகரெண்ட முறையில செல்றன்."

போஷகரென்ற முறையில் சொன்னால் அதற்குமேல் முறையீடு இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தைப் போஷகர் யோசிக்கவில்லை. நம்மூர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. அந்த வீடும் அலுமாரியும் ஆசியா உம்மாவுக்குத் தாய்வீட்டார் கொடுத்தவை. சாவியும் அவருடைய இடுப்பில். பெருநாளுக்கு முதல் நாள் அபுல் ஹஸன் குர்பானுக்கு மாடு பார்க்க உள்நாட்டுப் பக்கம் போனார். மாடு பார்க்கப் போனால் அவர் பின்னேரம்தான் வருவார்; மாட்டுக்கும் ஒரு சொற்பொழிவு செய்துவிட்டுத்தான் விலை பேசுவார். மர்சூக்கும் செல்லத்தம்பியும் பழைய கிட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்கள்.

"ராத்தா, ஒரு உதவி."

ஆசியா உம்மா சாக்கைப் பார்த்தார், அவர்களின் முகத்தைப் பார்த்தார். "மாத்தப் போறீங்களா?"

"ஓம் ராத்தா."

"என்ட தம்பி ஒனக்கெண்டு அனுப்பின சாமான் மூணு மாசமா என்ட கோப்பைக்குப் பக்கத்துல முழிச்சிக்கிட்டு நிக்கிது. விருந்தாளி வந்தா கோப்பைய ஆரும் பாக்கிறதில்ல. எடுங்கடா."

சாவி திரும்பியது. பொலித்தீனைக் கிழிக்காமல் கழற்றினார்கள். உள்ளே கைவைத்த மர்சூக்குக்கு விரல் வழுக்கியது.

"அல்லாஹ்வே, இது கிட்டாரா, சைக்கிள் செயினா?"

மண்ணெண்ணெய்த் துணியால் கழுத்தையும் கீகளையும் துடைத்தார்கள். கம்பிகளின் சுருள்களுக்குள் போன கிறீஸ் துணிக்கு வரவில்லை. கம்பிகளைக் கழற்றிச் சவர்க்காரத் தூள் போட்ட தண்ணீரில் அவிக்க வேண்டும் என்றான் மர்சூக். அடுப்பில் அப்போது வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தது. ஆசியா உம்மா அதை இறக்கிவிட்டுப் பழைய பானை ஒன்றை ஏற்றினார்.

"எவ்வளவு நேரம் அவியணும்?"

"கொதிச்சி வரட்டும் ராத்தா."

"உப்புப் போடவா?" என்றார் ஆசியா உம்மா. செல்லத்தம்பி நிலத்தில் உட்கார்ந்து சிரித்தான்.

அவிந்த கம்பிகளைப் புடவைக்கொடியில் காயப்போட்டார்கள். காய்ந்ததும் மாட்டி, மர்சூக் நாலாவது கம்பியைச் சுருதிக்கு முறுக்கினான். கீ ஒவ்வொரு பல்லாக, எண்ணெய் போட்ட பூட்டுப் போல நகர்ந்து நின்றது. அவன் குறட்டைத் தேடிக் கையைப் பைக்குள் விட்டான். பிறகு வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டான். கம்பியை ஒருமுறை தட்டினான். மின்சாரம் இல்லாமலே அது நெடுநேரம் நின்று ஒலித்தது. செல்லத்தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"மச்சான், இந்தச் சத்தம் ஓயுமட்டும் கேட்டுக்கிட்டே இரிக்கலாம் போல."

இனிப் பழையது ஜப்பானாக வேண்டும். குரோம் மூடியைக் கழற்றிப் பழையதில் ஆணியடித்தார்கள். கிறீஸை அள்ளிப் பூசினார்கள். கிறீஸ் பூசிவிட்டால் மொறட்டுவையும் ஜப்பானும் ஒரே சாதி. பொலித்தீனைச் சுற்றி, பிரிந்த விளிம்பை ஆசியா உம்மா மெழுகுதிரிச் சுடரில் காட்டி, இரும்பறுக்கும் வாள் அலகால் அழுத்தி ஒட்டினார். கச்சான் கடலைப் பக்கற்றுக்கு ஒட்டுவது போல. ஜப்பானின் தலையில் இருந்த கம்பனிப் பெயரை மர்சூக் நிலாமுற்றத்தின் பிறைப் படத்தை ஒட்டி மறைத்தான். பின்னேரம் மாட்டோடு வந்த அபுல் ஹஸன் அலுமாரியைப் பார்த்தார். மூடி பளபளத்தது. திருப்தியாகக் குளிக்கப் போனார்.

மூன்றாம் பெருநாள் மருதமுனை மேடையில் முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் போஷகர் அபுல் ஹஸன். மற்றதில் அட்டாளைச்சேனைக் குழுவின் ஆலோசகர் அப்துல் ஸமட். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எதைப் பற்றியும் 'இதை மூன்று வகையாகப் பார்க்கலாம்' என்று தொடங்குவார், இரண்டாம் வகைக்கு யாரும் இருந்ததில்லை. அவர்களுடைய குழு முதலில் வாசித்தது. நன்றாகவே வாசித்தது. பிறகு நிலாமுற்றம் ஏறியது. மர்சூக் முதல் கம்பியைத் தொட்டதும் கீழே இருந்த பலகை அதிர்ந்தது. பாட்டு முடியும்வரை நாலாவது கம்பி அசையவில்லை. மர்சூக் மேடையில் சிரித்துக்கொண்டே வாசித்ததை மருதமுனை அன்றுதான் முதலில் பார்த்தது. கைதட்டல் ஓய நேரமானது.

அப்துல் ஸமட் சாய்ந்து கேட்டார். "இதா உங்கட ஜப்பான் பேஸ்?"

"இதா?" அபுல் ஹஸன் வாயைச் சுளித்தார். "இது நம்மட பழைய பேஸ். மொறட்டுவைக் கட்டை. ஜப்பான் வீட்ட இரிக்கி."

"பழசே இப்பிடியா! அப்ப ஜப்பான் எப்பிடி இரிக்கும்?"

இந்தக் கேள்விக்கு 'தெரியாது' என்று சொல்லும் போஷகர் இலங்கையில் இன்னும் பிறக்கவில்லை. அபுல் ஹஸன் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சபையோரே! நீங்க கேட்டது உள்ளூர்ச் சாமான். இப்ப ஜப்பான் சாமான கொண்டு வரப்போறம். ரெண்டையும் ஒரே மேடையில, ஒரே ஸ்பீக்கர் பெட்டியில போட்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க!"

கார் கல்முனைக்குப் பறந்தது. மேடையில் செல்லத்தம்பி டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்தான்.

"மர்சூக், மாட்டினம்டா. ஓடுவமா?"

"எங்க ஓடுற? கேட்டா கேக்கட்டும்."

"முதலாளிக்கித் தெரிஞ்சா இண்டையோட ஒன்ட வாசிப்பு முடிஞ்சி."

"இண்டைக்கி வாசிச்சிட்டன்தானே" என்றான் மர்சூக். குரல் அவ்வளவு திடமாக இல்லை.

கார் வந்தது. ஆசியா உம்மா கேட்டவுடன் கொடுத்தனுப்பியிருந்தார், வேறென்ன செய்வார்? போஷகரே அதை ஏந்திக்கொண்டு மேடையேறினார். பொலித்தீனில் கை நுழையுமளவு மட்டும் அவரே கத்தரிக்கோலால் வெட்டினார். "மத்ததத் தொடாத!" மர்சூக் தோளில் மாட்டினான். கட்டிலின் பாரம் தெரிந்த பாரம்தான்.

அவன் ஏமாற்றவில்லை, தன்னால் முடிந்தவரை நன்றாகவே வாசித்தான். ஆனால் கிறீஸுக்குள் கிடந்த கம்பி, நனைந்த மெத்தையில் அடித்த மாதிரித் 'தொப்' என்றது. பொலித்தீன் மொறுமொறுத்தது. நாலாவது கம்பி வழக்கம்போலப் பாதி வழியில் இறங்கி உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "மர்சூக் காக்கா, கிட்டாருக்குச் சளி புடிச்சிரிக்கி! கொத்தமல்லி அவிச்சிக் குடுங்க!"

எல்லோரும் ஆலோசகரைப் பார்த்தார்கள். அப்துல் ஸமட் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "ஆழம்! இது சாதாரண காதுக்குப் பிடிபடாது. இதை மூன்று வகையாகப் பார்க்கலாம்."

அபுல் ஹஸன் ஒலிவாங்கியில் இருமினார். "சபையோரே, ஜப்பான்ல கரண்டு வேற. நம்மட கரண்டு இந்தச் சாமானுக்குப் போதாது. அதனால இத இன்னும் கஷ்டப்படுத்த விருப்பமில்ல." சபை கைதட்டியது. கரண்டைக் குறை சொன்னால் கைதட்டாத சபை நம்மூரில் இல்லை.

பிறகு ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மர்சூக்கை மேடையின் பின்பக்கம் இழுத்துப் போனார். மர்சூக் தலை குனிந்து நின்றான். செல்லத்தம்பி டிரம்ஸ் குச்சிகளோடு கிட்ட வந்து நின்றான். அடி விழுந்தால் பிடிக்கவோ, பங்கு வாங்கவோ அவனுக்கே தெரியாது.

"மர்சூக்." போஷகரின் குரல் தணிந்திருந்தது. முத்திரை குத்தாத குரல். "நான் இரும்பு விக்கிறவன்டா. நல்ல இரும்பத் தட்டினா எனக்குத் தெரியும். இது... குப்ப."

மர்சூக் பொலித்தீன் சுற்றியதைத் தோளிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினான்.

"ஷரிபுதீன் மச்சான ஆரோ நல்லா ஏமாத்தியிரிக்கானுகள். பாலைவனத்துல வேர்வ சிந்தின காசு. அவனுக்கிட்ட இதச் செல்லிராத, மனசு நொந்துருவான். ராத்தாக்கிட்டயும் செல்லாத."

"செல்ல மாட்டன், முதலாளி."

"இது அலுமாரிக்குள்ளயே இரிக்கட்டும். அங்க இரிந்தா ஆருக்கும் தெரியாது." அவர் பிறை ஒட்டிய கிட்டாரைச் சுட்டினார். "அந்தப் பழச நீயே வெச்சிக்க. குழுவுக்கில்ல, ஒனக்கு. நான் வாய் தவறிக் கட்டையெண்டுட்டன். தங்கம்டா அது. மொறட்டுவையான் மொறட்டுவையான்தான்!"

 உண்மை மர்சூக்கின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "முதலாளி, அது வந்து..."

செல்லத்தம்பி ஒரே பாய்ச்சலில் போய் டிரம்ஸில் உட்கார்ந்து, குச்சிகளைத் தலைக்குமேல் தட்டி அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான்.

"என்ன நிக்கிற? போடா, போ!" என்று போஷகர் அவனை மேடைக்குத் தள்ளினார். "அட்டாளைச்சேனையானுக்குக் கேக்கிற மாதிரிப் போடு!"

மர்சூக் ஜப்பானைத் தோளில் மாட்டி, யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், கேட்கிற மாதிரியே போட்டான்.