பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவளுக்குத் தபாலம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். புகார், விற்பனை, கணக்கு, ஹெச்.ஆர். என்று பிரிவுக்கு ஒரு பொது மெயில் முகவரி உண்டு. ஆள் லீவில் போனால் அதிலிருந்து தானாகப் போகிற பதிலை எழுதி வைப்பது இவள் வேலை. மெயிலைத் திறந்து படிக்கிற பாஸ்வேர்ட் அந்தந்தப் பிரிவுக்காரர்களிடம்தான் இருக்கும். இவளுக்கு வாசலில் பலகை மாட்டுகிற உத்தியோகம் மட்டும்தான்.

"ஆள் இல்லேன்னு மட்டும் சொல்லக் கூடாதும்மா. லீவுல இருக்காங்க, அவசரம்னா பக்கத்துப் பிரிவுக்கு எழுதுங்கன்னு போடு. கம்பெனி மானம் கப்பலேறிடக் கூடாது பாரு" என்பது மேனேஜரின் பல்லவி.

இவளும் அப்படியே போட்டாள். புகாருக்கு எழுதினால் விற்பனைக்கு எழுதச் சொல்லும். விற்பனை கணக்கைக் காட்டும், கணக்கு ஹெச்.ஆரைக் காட்டும், ஹெச்.ஆர். மறுபடியும் புகாரையே காட்டும். செக்குமாடு கெட்டது போங்கள்! லீவில் போனவர்களில் பாதிப் பேர் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார்கள். மேனேஜர் புது ஆள் எடுக்கவில்லை. மெயில் போட்டால் பதில்தான் உடனே போகிறதே, அப்புறம் ஆள் எதற்கு? ஒரு தடவை நடு மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர், உள்ளே இருந்தபடியே புகார் எழுதினார். 'தங்கள் மெயிலுக்கு நன்றி, பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்' என்று கண் இமைக்கும் முன் பதில் போயிற்று. அவர் சம்சாரம் ஆபீஸுக்கே வந்து கத்திய பிறகுதான் மெக்கானிக் புறப்பட்டான்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் தபாலம்மா. தன் தலையில் விழுந்தபோது விழி பிதுங்கிவிட்டது.

புருஷன் வேறு ஊரில் வேலை பார்த்தார், மகள் அவரோடு இருந்தாள். பள்ளிக்கூடம் அங்கே, அம்மா இங்கே. எத்தனையோ நாள் தேடிய பிறகு அந்த ஊரிலேயே இவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், பழைய கம்பெனி விடுவித்த கடிதம் கையில் இருக்க வேண்டும். ராஜினாமாவை முறைப்படி ஹெச்.ஆருக்கு மெயிலில் அனுப்பியிருந்தாள். அவள் கைப்பட எழுதி வைத்த பதில் அவளுக்கே வந்தது. தன் விரலே தன் கண்ணைக் குத்துமா என்பார்கள். குத்தியதே!

ஹெச்.ஆர். அக்கா பிரசவத்துக்குப் போனவர். அந்தக் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறதாம். அக்கா திரும்பவும் இல்லை, அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவும் இல்லை.

"சார், நீங்களாச்சும் லெட்டர் குடுங்க" என்று மேனேஜரிடம் போய் நின்றாள்.

"நான் குடுக்க முடியாதும்மா. ஹெச்.ஆர். கையெழுத்துல போனாத்தான் செல்லும், மேலிடத்து ரூல். மெயில் போட்டியா?"

"போட்டேன் சார்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு..."

"அப்புறம் என்ன? பொறுமையா இரு."

சாயங்காலம் மகள் போனில் கேட்டாள். "அம்மா, திங்கக்கிழமை வந்துடுவல்ல?"

"வந்துடுவேன்டா கண்ணு."

"போன தடவையும் இதேதான் சொன்ன."

புருஷன் போனை வாங்கினார். "லெட்டர் இல்லாம வந்தா சேத்துக்க மாட்டாங்களாம். வேற ஆளப் பாத்துடுவோம்னு சொல்றாங்க. என்னதான் பண்ற அங்க?"

என்ன பண்ணுகிறாள்? பலகை மாட்டுகிறாள்! கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எல்லா முகவரியிலும் தானாகப் போகிற பதிலை ஒவ்வொன்றாக அணைத்தாள். "நாசமாப் போங்க" என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் ரணகளமாகிவிட்டது. போன் ஓயவில்லை. மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"ஒருத்தருக்கும் பதில் போகலையாமே!"

"ஆள் இல்ல சார்."

"இத்தனை நாளா போச்சே?"

"அதுக்கு ஆள் வேண்டாம் சார். இப்ப எனக்கு லெட்டர் வேணும், அதுக்குத்தான் ஆள் வேணும்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானே! நீதான் இன்னிலேருந்து ஹெச்.ஆர். சம்பளமும் கூடப் போட்டுத் தர்றேன். பொண்ண இங்கயே கூட்டிட்டு வந்துடு."

"ஐயோ சார், நான் போகணும்னு..."

"பேசாதே, எல்லாருக்கும் மெயில் போட்டுடறேன்." கையோடு போட்டும் விட்டார்.

கணக்குப் பிரிவில் மிச்சமிருந்த ஒரே மனுஷன் வந்து கை குலுக்கினார். "அடிச்சது யோகம், தபாலம்மா!" கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அக்கா மேனேஜரிடம் விட்டுப்போன சாவியையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு ஹெச்.ஆர். அறையைத் திறந்தாள். மேஜையெல்லாம் தூசி, இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்பு. ஜன்னல் இறுகிக் கிடந்தது, எவ்வளவு தள்ளியும் திறக்கவில்லை.

மெயிலைத் திறந்தாள். யாரும் தொடாத மெயில்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. நடுவில் அவளுடையதும் இருந்தது. 'ஐயா அல்லது அம்மையீர், என் மகளை விட்டுப் பிரிந்து இருக்கிறேன். தயவுசெய்து என்னை விடுவிக்கவும்.' வேறு யாரோ எழுதியது போலத்தான் இருந்தது. யார் பெற்ற பெண்ணோ, இப்படிக் கெஞ்சியிருக்கிறாளே! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இதற்குப் பதில் சொல்ல ஒரு மனுஷி கூடவா இந்தக் கட்டிடத்தில் இல்லை?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் அடிக்கத் தொடங்கினாள். அடித்து முடித்து, கம்பெனித் தாளில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு வைத்தாள். மேனேஜருக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

பஸ் புறப்படும்போது போன் அடித்தது.

"என்னம்மா இது அநியாயம்! என்னைக் கேக்காம யாரு உன்ன விட்டது? யாரு கையெழுத்துப் போட்டது?"

"ஹெச்.ஆர்.தான் சார்" என்றாள்.