ஆம்பூர் மூக்கு

கலீமுல்லா கடலோரத்தில் வீடு வாங்கியது கடலைப் பார்ப்பதற்காக அல்ல. அவருடைய சம்பந்தி ஒருவர் ஏற்காட்டில் பங்களா வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு, போகிற கல்யாணத்தில் எல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மலையை அவர் எடுத்துக்கொண்டதால் இவர் கடலை எடுத்துக்கொண்டார். மகாபலிபுரம் தாண்டி, சவுக்குத்தோப்புக்குப் பின்னால், கண்ணாடியாலேயே கட்டியது போன்ற வீடு.

அதைப் பார்த்துக்கொள்ள இருதயராஜை அனுப்பினார். ஆம்பூரில் அவருடைய தோல் ஃபேக்டரியில் ஸ்ப்ரே செக்‌ஷனில், தோலுக்குச் சாயம் அடிக்கிற மிஷின் முன்னால், இருபத்திரண்டு வருஷம் நின்றவன் அவன். அந்தப் புகை நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஆம்பூரில் அவன் குடியிருந்த வீட்டு மாடிப்படி பதினாலு. ஏழாவதில் நின்றுதான் ஏற வேண்டியிருந்தது. இன்னும் ரெண்டு வருஷம் அந்த மிஷின் முன்னாலேயே நின்றால் அப்புறம் என்னிடம் வராதே என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி சுந்தரியோடு இருதயராஜ் வந்து சேர்ந்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வருகிற இடத்துக்கு அவன் மூச்சு விட வந்திருந்தான்.

வீட்டை அலங்கரிக்கும் பொறுப்பை முதலாளி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய தோலெல்லாம் லாரியில் வந்து இறங்கியது. தோல் சோபா, தோல் நாற்காலி, கட்டில் தலைமாட்டில் தோல், கண்ணாடிச் சட்டத்துக்குத் தோல், குப்பைக்கூடைக்கும் தோல். கூடத்துச் சுவரில் ஒரு முழு மாட்டுத்தோலை விரித்து ஆணி அடித்தார்கள். கடலைப் பார்த்து நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு அது தொங்கியது.

"ஜன்னல் தெறக்காத. உப்புக் காத்து பட்டா தோல் கெட்டுடும்" என்றார் முதலாளி.

கடல் காற்று வரக்கூடாத கடல் வீடு. இப்படி ஒன்று தோன்றுவதற்கு மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்திருக்க வேண்டும் என்று இருதயராஜ் நினைத்தான். நினைத்ததை விழுங்கிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினான். விழுங்குவது அவனுக்குப் பழக்கம்.

முதல் இரண்டு மாதம் வந்தவர்கள் நன்றாகத்தான் எழுதினார்கள். வாடகைக்கு விடுகிற ஆப்பில் நட்சத்திரம் போட்டு, அலைச் சத்தம், சூரிய உதயம் என்று என்னென்னவோ. ஐப்பசி மழை பிடித்து வீட்டுக்குள் ஈரம் ஏறியதும் பேச்சு மாறியது. 'ஏதோ நாற்றம்' என்றான் ஒருவன். 'எலி செத்துக் கிடக்கிறது' என்றாள் ஒருத்தி. மூன்றாவதாக வந்த குடும்பம் ராத்திரியே கிளம்பிப் போய், 'மாடு செத்த வாடை, குழந்தை சாப்பிடவில்லை' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டது.

முதலாளி போன் செய்தார்.

"இருதயம், மீன் காயப்போடறியா?"

"இல்ல மொதலாளி."

"உன் பொண்டாட்டி?"

"அவ கருவாட்டயே தொடமாட்டா."

"அப்ப நாத்தம் ஆகாசத்துலருந்து வருதா? நல்லா மோந்து பாரு. ஆப்லருந்து நம்மள தூக்கறதுக்கு முன்னாடி நான் உன்ன தூக்கிடுவேன்."

இருதயராஜ் மோந்து பார்த்தான். சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தான். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய், இருமல் வந்து, ஊர்ந்து வெளியே வந்தான். சுந்தரி அலமாரி ஒவ்வொன்றிலும் தலையை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. படித்தவர்கள் எப்படியெல்லாம் பொய் எழுதுகிறார்கள் என்று இருவருக்கும் கோபம் வந்தது.

அடுத்த வாரம் ஜாஸ்மின் வந்தாள். வேலூர் பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிற மகள். மூன்று வருஷமாக ஆம்பூர் பக்கம் அதிகம் வராதவள். கூடத்துக்குள் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாமா இது! ஃபேக்டரியயே தூக்கினு வந்துட்டீங்களா?"

"இன்னாடி சொல்ற?"

"இந்த சோபா. செவுத்துல தொங்குதே அது. எல்லாந்தான் நாறுது. உங்களுக்குத் தெரில?"

இருவரும் மகளைப் பார்த்தார்கள். பிறகு இருதயராஜ் முட்டி போட்டு, சோபாவில் முகத்தை அழுத்தி, நெஞ்சு கொள்கிற மட்டும் இழுத்தான். அவனுக்குத் தோல் வாசனைகூட வரவில்லை. பஸ்ஸில் வெளியூர்க்காரர்கள் சட்டென்று மூக்கைப் பொத்துவதைப் பார்த்துத்தான், ஆம்பூர் வந்துவிட்டது என்று அவன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பான். அதைச் சிரிப்பாக மட்டுமே இத்தனை காலம் நினைத்திருந்தான். வெகுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை. ஜாஸ்மின் பயந்துபோய்த் தோளைத் தொட்டாள்.

போனில் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"எங்க தாத்தா காலத்துலருந்து எங்க வீட்ல அத நாத்தம்னு யாரும் சொன்னதில்ல. பரக்கத்னு சொல்லுவோம். வியாபாரம் நல்லா நடக்குதுனு அர்த்தம். அதத் தின்னு வளந்தவன் நீ."

"நான் சொல்லல மொதலாளி, பொண்ணு..."

"ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வர்றேன். நாங்களே மோந்து பாக்கறோம்."

வந்தார்கள். கலீமுல்லா, அவர் மனைவி சுகரா பேகம், மகன் நவீத், எட்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள் ஹுமேரா, டிரைவர். ஜாஸ்மின் அதற்குள் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தாள். வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு செய்ய சுந்தரி சமையலறைக்குள் போனாள்.

சோதனை ஆரம்பித்தது. கலீமுல்லா சோபாவின் கைப்பிடியை ஆப்பிள் கடிப்பவர் மாதிரி பிடித்து மோந்தார். "ஒண்ணுமே இல்ல. ஃபர்ஸ்ட் கிளாஸ்." நவீத் சுவரில் தொங்கிய தோலின் பின்னங்காலில் மூக்கை வைத்தான். அவனுக்கும் ஒன்றுமில்லை. சுகரா பேகம் ஒரு தலையணையை எடுத்து, "அத்தர் வாசனதான் ஜாஸ்தியா வருது" என்றார். அது அவர் போட்டிருந்த அத்தர்.

டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவன் தோலை மோந்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முகத்தில் என்ன இருந்ததோ, "மீன் மாதிரிதான் இருக்கு மொதலாளி" என்றான்.

"பாத்தியா!"

நாலு பேர், நாலும் ஆம்பூர் மூக்கு. குருடர்கள் கூடி வெளிச்சமே இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள் என்று இருதயராஜ் நினைத்தான். தன்னுடையது ஐந்தாவது மூக்கு என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் வாசல் பக்கம் பார்த்தான். ஹுமேரா உள்ளே வரவேயில்லை. துப்பட்டாவின் நுனியை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மாவ கேளுங்க மொதலாளி. அவங்க நம்ம ஊரு இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கை சட்டென்று கீழே இறங்கியது.

"இங்க வாம்மா. மோந்து பாத்து சொல்லு" என்றார் சுகரா பேகம்.

ஹுமேரா வந்தாள். சோபா மேல் குனிந்தாள். குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"வாசன ஒண்ணும் இல்லியே மாமா."

கலீமுல்லா கைகளை விரித்தார். நவீத் சிரித்தான். அவள் ஒருமுறை விழுங்கியதை இருதயராஜ் மட்டும் பார்த்தான். அவங்க கண்ணைப் பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சல்கூட இல்லை, வெறுமனே பார்த்தாள். சாயந்திரம் இவள் இதே காரில் ஏறி, அதே வீட்டுக்குப் போய், ஃபேக்டரிக் காற்று வருகிற ஜன்னலோரம் படுக்க வேண்டும். எட்டு மாதமாக இதைப் பழகியிருக்கிறாள். தேறியும் விட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால் இல்லை. 'ஒண்ணும் இல்ல மொதலாளி' என்று இருபத்திரண்டு வருஷம் தினமும் சொன்ன ஒருவனை எதிரே நிற்க வைத்துப் பார்த்த மாதிரி அருவருப்பாக இருந்தது.

"நீ மீன் காயப்போட்டத ஒத்துக்கினு இருந்தாகூட மன்னிச்சிருப்பேன் இருதயம்" என்றார் முதலாளி. "தோல் மேல பழி போட்ட பாரு, அதான் பேஜார். இங்க வேற ஆள் வருவான். உன்ன ரோட்ல விடமாட்டேன். ஸ்ப்ரே செக்‌ஷன்ல உன் மிஷின் காலியாத்தான் இருக்கு. திங்கக்கெழம வந்துடு."

பெரிய மனது பண்ணிய திருப்தி அவர் முகத்தில் பரவியது.

"வரல மொதலாளி."

"இன்னா?"

"வரலன்னேன்."

"இந்த நெஞ்ச வெச்சுனு வேற எவன்டா உனக்கு வேல குடுப்பான்?"

இருதயராஜ் சாவியைச் சோபா மேல் வைத்துவிட்டு நடந்தான்.

சமையலறையில் சுந்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"கெளம்பு" என்றான்.

"ஆம்பூருக்கா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

"மொதல்ல ரோட்டுக்குப் போலாம் வா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "சோறு பாதி வெந்துனு இருக்கு."

"இருக்கட்டும். தீயற வாசனையாவது அவங்களுக்குத் தெரியுதா பாப்போம்."

சுந்தரி அடுப்பைத் தணிக்கக் கையை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு, பையை எடுக்கப் போனாள்.