வீட்டில் இல்லாதவர் வைத்த விருந்து

தம்பிதுரை வீட்டில் இல்லை. மூன்று நாளாக இல்லை. அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது, ஸ்கூட்டர் கொட்டகையில் நின்றது, அவர் மெல்லும் புகையிலை வாடைகூட ஜன்னல் வழியே வந்தது. ஆனாலும் ஆள் இல்லையென்று அவர் மனைவி குழந்தையம்மாள் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

வாசலில் நின்ற பொன்னாத்தாள் வன அலுவலகத்துத் தபால்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். அவள் பையில் இருந்தது ஒரே ஒரு உத்தரவு. போன மாதம், தொண்ணூற்றாறு டிசம்பரில், காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணை போட்டிருந்தது. அதன்படி கிணத்துக்கடவு காண்டிராக்டர் தம்பிதுரை, தான் ஏலம் எடுத்த அரசாங்கக் காட்டில் கோடாலியைக் கீழே வைத்தாக வேண்டும். அவரோ, காகிதம் கைக்கு வந்தால்தானே என்று வீட்டுக்குள் பதுங்கிக்கொண்டு, ஆட்களை விட்டு அவசர அவசரமாக வெட்டிக்கொண்டிருந்தார். ரேஞ்சர் ஒரு பயந்தாங்கொள்ளி. கையெழுத்து வரட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்றார். கதவில் ஒட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டால், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். அது வருவதற்குள் மலையே மொட்டையாகிவிடும்.

அந்தச் சரிவில் ஊறி வரும் ஓடையைத்தான் பொன்னாத்தாளின் அண்ணன் ஊர் நம்பியிருக்கிறது. அலுவலக வாசலைத் தாண்டி மர லாரி போகும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் வெட்ட மரமே இருக்காது.

தம்பிதுரை வீட்டுச் சாப்பாடு சுற்றுவட்டாரத்தில் பேர்போனது. வந்தவர் கை நனைக்காமல் திரும்பினால் மனிதருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. விருந்து வைப்பதில் பெரியநாயக்கன்பாளையத்துப் பங்காளியோடு அவருக்கு ஓயாத போட்டி. இது இரண்டும் பொன்னாத்தாளுக்குத் தெரியும்.

"சரிங்க, நான் வாரேனுங்க" என்று அவள் குரலை உயர்த்தினாள். "நேத்து பெரியநாயக்கன்பாளையத்துல உங்க பங்காளி ஊட்டுக்குப் போனனுங்க. தலவாழ எலை போட்டு, உண்டுபோட்டுத்தான் போகோணும்னு ஒரே பிடியா நின்னாங்க. இங்க மூணு நாளா நடக்கறேன், ஒரு சொம்புத் தண்ணி இல்லீங்க. பரவால்லீங்க."

சொல்லிவிட்டு மெதுவாக நடந்தாள். வாசற்படி இறங்கினாள். கேட்டில் கை வைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, சோறு உண்டுபோட்டுப் போங்க!"

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. குழந்தையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கதவு திறந்து, முகத்தில் அசடு வழிய தம்பிதுரை வெளியே வந்தார்.

"இன்னைக்கும் நான் இல்லீன்னே எழுதிக்குங்க கண்ணு" என்றார்.

"எழுதிக்கறனுங்க. ஆனா, ஆளே இல்லாத ஊட்டுல என்னைய உண்ணச் சொன்னது யாருங்க? ஒருத்தருஞ் சொல்லலீன்னுதான் உங்க பங்காளிகிட்டச் சொல்லோணும்."

காடு ஒரு பக்கம், பங்காளியின் சிரிப்பு ஒரு பக்கம். தம்பிதுரை தபால் நோட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பேனாவுக்குக் கை நீட்டினார்.

கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் இலை விழுந்தது. அவரே பக்கத்தில் நின்று பரிமாறினார்.

"பங்காளி ஊட்டுல பாயசம் போட்டாங்களா அம்மணி?"

பெரியநாயக்கன்பாளையம் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட பொன்னாத்தாளுக்குத் தெரியாது. "ரண்டு தடவ போட்டாங்க" என்றாள். தம்பிதுரை மூன்று தடவை ஊற்றினார்.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து லாரி காலியாக இறங்கிப் போனது. அலுவலக வாசலில் நின்று அதைப் பார்த்த பொன்னாத்தாளுக்குப் பாயச ஏப்பம் வந்தது.