நடுவில் ஒரு நாள்

கடலுக்கடியில் முதலில் மறைவது சிவப்பு.

இறங்க இறங்க அது பழுப்பாகும். பிறகு சாம்பல் நிறமாகும். பிறகு இல்லாமலே போகும். மேலே கண்ணைப் பறித்த நிறம், கீழே போனதும் ஆளை ஏமாற்றிவிடும்.

கண்ணை முழுக்க நம்பாதே என்று கடல் அரசிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. காதை நம்பலாம் என்பது அதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். திருச்சித் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தவள். காலமெல்லாம் காதில் பிறர் குரல். யாரோ ஊரில் இருந்துகொண்டே இல்லை என்பார்கள். யாரோ அழுதுகொண்டே நல்லாயிருக்கேன் என்பார்கள். பொய்க்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு வரும். அவளுக்கு அது கேட்கும்.

ஓய்வு பெற்ற வருஷம் அந்தமான் போனாள். கூட வந்தவர்கள் விளையாட்டாகக் கடலில் இறங்கினார்கள், ஏறினார்கள், மறந்தார்கள். அவள் மறக்கவில்லை. மறு வருஷமே திரும்பிப் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு ஸ்கூபா டைவிங்கை முறையாகக் கற்றுக்கொண்டாள்.

கணவர் தாயுமானவன் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். தண்டவாளம் போகிற இடமெல்லாம் அவருக்கு ஊர். கடலில் தண்டவாளம் இல்லை.

ஆகவே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். மாசி மாதம் அவளுடைய கடலுக்கு. மற்ற மாதங்கள் அவருடைய கோயில்களுக்கும் மலைகளுக்கும் ரயில்களுக்கும். வயது ஏறுகிறது. முட்டி தேய்கிறது. போக வேண்டிய இடங்கள் மட்டும் குறையவில்லை. பங்கு போட்டுத்தான் வாழ வேண்டும்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த ஐப்பசி வரை.

*

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியில் நீர் வரிசையாகத் தொங்கியது. தாயுமானவன் டிக்கெட் எடுத்துக்கொண்டே இருந்தார்.

தையில் காசி. காசியிலிருந்து அப்படியே ஜெய்சல்மேர். மாசி முழுக்கப் பாலைவனம். பங்குனியில் நெதர்லாந்து. அங்கே மகள் கயல்விழி இருக்கிறாள், டூலிப் பூக்கும், பார்க்க வேண்டும்.

மாசியில் பாலைவனம். கடலுக்கு நேர் எதிர்.

இரண்டாம் வகுப்பு போதும் என்று காலமெல்லாம் முணுமுணுத்த மனிதர் குளிர்சாதனப் பெட்டியில் இடம் போட்டார். அது முதல் சந்தேகம்.

வாளித் தண்ணீரை அவளைத் தூக்கவிடவில்லை. கிரைண்டர் கல்லைத் தானே கழற்றினார். அது இரண்டாவது.

காலைக் காப்பியோடு ஒரு மாத்திரை கொடுத்தார். "சத்து மாத்திரை. நானும் போடுறேன்." அவர் போட்டு அவள் பார்த்ததில்லை.

மொட்டை மாடியில் தூறலில் நின்று போன் பேசினார். அவள் துணி எடுக்கப் போனால் பேச்சு மழைக்கு மாறியது. கயல்விழியின் குரலும் மாறியிருந்தது. எப்போதும் வெடுக்கென்று பேசுகிறவள், பருத்தி மாதிரிப் பேசினாள்.

எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருக்க என்ன அவசியம்?

அவருக்கு உடம்புக்கு ஏதாவதா? வேறு யாராவதா? இந்த வயதிலா? ஏன், இந்த வயதில் ஆகாதா? இல்லை, கடல்மீது பொறாமையா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. எதையும் தூக்கிப் போடவும் முடியவில்லை.

ஒரு சாயங்காலம் தூண்டில் போட்டாள்.

"ஜெய்சல்மேர் சரிங்க. திரும்பி வந்து நெதர்லாந்து கெளம்புறதுக்குள்ள அஞ்சாறு நாள் அந்தமான் போயிட்டு வந்துரலாமே."

"டைவ் அடிச்சுட்டு உடனே விமானம் ஏறக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே."

"நடுவுல ஒரு நாள் விட்டாப் போதும்."

அவர் மூச்சை இழுத்தார். சின்னதாக.

"அந்த ஒரு நாள் இல்லையே, அரசி."

அவளுக்குக் கேட்டுவிட்டது.

*

அந்த மூச்சு புதிது இல்லை. முன்பு எப்போதோ கேட்டது. எப்போது?

மழை விட்ட ஒரு மதியம், வெங்காயம் உரிக்கும்போது நினைவு வந்தது. புரட்டாசி. டைவிங் போகும் முன் வழக்கமாக எடுக்கும் உடல் பரிசோதனை. நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை வாங்கிவர அவர்தான் போனார். வந்து செருப்பைக் கழற்றியபடி சொன்னார். "எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க." அதற்கு முன்னால் ஒரு மூச்சு.

வெங்காயத்தை அப்படியே வைத்தாள். புடவை மாற்றினாள். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினாள்.

டாக்டர் பர்வீன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "சார் எல்லாம் சொல்லியிருப்பாரே."

"சொன்னாருங்க," என்றாள் அரசி. பொய் சொல்லும்போது தன் மூச்சும் தனக்குக் கேட்டது. "உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு வந்தேன்."

டாக்டர் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் ஓரிடத்தில் வீக்கம். சின்னதுதான். பெரிதாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரத்த அழுத்தம் ஏறாமலிருக்கத் தினம் மாத்திரை. அவ்வப்போது ஸ்கேன். நடக்கலாம், ரயில் ஏறலாம், விமானம் ஏறலாம். பாரம் தூக்க வேண்டாம்.

"கடல்?"

"டைவிங் வேண்டாம்மா."

"ரொம்ப ஆழம் போகாம?"

"ஆழமே வேண்டாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நான் பக்குவமா சொல்லிக்கிறேன்னு சார் கேட்டுக்கிட்டார். நானே உங்களக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். தப்புதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் வண்டி நின்றது. கீழே வெள்ளம் மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. உள்ளே எதுவும் தெரியாத தண்ணீர். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

இனி கீழே போக முடியாது. அதுதான் வந்தது. அது மட்டும்தான்.

*

அவர் அடுக்களையில் மீதி வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். கையில் பை இல்லாமல் வந்தவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"காசி. பாலைவனம். டூலிப்," என்றாள். "நடுவுல ஒரு நாள்கூட விடலையே நீங்க."

"விட்டா நீ கடல் கேட்டிருப்பே."

"கேட்டா?"

"சொல்ல வேண்டியதாயிருக்கும்." அவர் நிமிரவில்லை. "வாய் வரல அரசி. ஒவ்வொரு தடவையும் தண்ணியவிட்டு ஏறி வரும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நான்தான் கரையில நின்னு பாத்தவன். அதை நான் எப்படிப் புடுங்குறது?"

"அது உங்ககிட்ட இல்ல, புடுங்குறதுக்கு," என்றாள். குரல் உயரவில்லை. "என் உடம்பு. எனக்கே தெரியாம எனக்கு மருந்து குடுத்திருக்கீங்க. சத்து மாத்திரைன்னு."

அவர் கத்தியை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினார். வெங்காயம் இருந்ததால் அழுகை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மாத்திரை அட்டையை வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தானே போட்டுக்கொண்டாள். சில நாள் வீட்டில் மழை மட்டும் பேசியது.

பிறகு ஒரு காலை சொன்னாள். "பாலைவனத்தை ரத்து பண்ணுங்க. மாசி என்னோடது."

*

இப்போது சந்தேகம் அவர் பக்கம் போய்விட்டது.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இறங்கிய நாளிலிருந்து அவள் பின்னாலேயே நடந்தார். அவள் குளிக்கப் போனால் நீச்சலுடை கொடியில் காய்கிறதா என்று பார்த்தார். பயிற்சியாளர் மெர்லினோடு பேசினால் காது கொடுத்தார். ரகசியமாக இறங்கிவிடுவாளோ. அந்தப் பெண்ணும் உடந்தையோ.

மெர்லின் போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப் பெண். அரசிக்குக் கடலைச் சொல்லிக் கொடுத்தவள். அரசி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டு மெர்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"என்னை நம்பலைன்னா நீங்களே எறங்கிப் பாத்துட்டு வாங்களேன்," என்றாள் அரசி, மூன்றாவது முறை அவர் கொடியைப் பார்க்கப் போனபோது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

சிறு வயதில் காவிரியில் நீந்தியவர்தான். இறங்கிப் பார்க்கிறேன் என்றார். போர்ட் பிளேருக்குப் போய் அவருக்கும் பரிசோதனை செய்தார்கள். முடிவை அரசிதான் வாங்கினாள். வாங்கிய இடத்திலேயே, படிக்கட்டிலேயே, உரக்கச் சொன்னாள். ஒரு குறையும் இல்லை. அது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

*

காலை வெயில். கண்ணாடி மாதிரிக் கடல். படகின் விளிம்பில் தாயுமானவன், கறுப்பு உடுப்பில், தனக்கே அந்நியமாக.

மெர்லின் அவர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நீரில் சாய்ந்தார்கள். வழுக்கைத் தலை கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு வெறும் நீர்.

அரசி குனிந்து பார்த்தாள். குமிழ்கள் வந்தன. கொத்துக் கொத்தாக வந்தன. ஓரிடத்தில் குறைந்தன. அவள் எழுந்து நின்றுவிட்டாள். படகோட்டி திரும்பிப் பார்த்தார். மறுபடி வந்தன. உட்கார்ந்தாள்.

இத்தனை மாசிகளும் கரையில் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? ஒருநாளும் சொன்னதில்லையே. அவளும் கேட்டதில்லையே.

கடைசியில் அவர் வந்தார். ஏணியில் ஏற்றிவிட்டார்கள். முகமூடி அழுத்திய தடம் நெற்றியில் வட்டமாக. மூக்கு ஒழுகியது. கண்கள் எங்கோ இருந்தன. அவள் துண்டால் அவர் தலையைத் துவட்டினாள்.

"எப்படி இருந்துச்சு?"

அவர் மூச்சை இழுத்தார்.

"என்ன பெரிய இது. வெறும் தண்ணி. நீ ஒண்ணும் பெருசா எழக்கல, அரசி."

துண்டு நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை மாற்றிக்கொண்டார்.

"நெசத்தைச் சொல்லுங்க," என்றாள். "எனக்கு வலிக்கும். பரவால்ல. சொல்லுங்க."

படகு கிளம்பியது. அவர் இறங்கிய இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓர் ஆமையிலிருந்து தொடங்கினார். அது பாறையிலிருந்து பிரிந்து வந்ததையும், அவரைப் பொருட்படுத்தாமல் தலைக்கு மேலே போனதையும், அதன் வயிறு வெள்ளையாக இருந்ததையும், ஒளி அதைச் சுற்றி உடைந்து விழுந்ததையும் சொன்னார். சொல்லத் தெரியாமல் கையால் காட்டினார். அந்த நேரத்தில் தனக்குப் பேர் மறந்துபோனது என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கன்னத்தில் நீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"அவசரப்படாதீங்க," என்றாள். "ஒண்ணும் விடாம."

படகு கரையில் முட்டியது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அவர் இன்னும் மீன்களுக்கே வரவில்லை.